மீட்டர் அண்ணன் கதவுக்குப் பின்னால் ஒட்டியவை

மேடையில் அமர்ந்திருக்கும் பொது மேலாளர் அவர்களே, கணக்குப் பிரிவுத் தலைவர் அவர்களே, நம்மிடம் இடம் எடுத்திருக்கும் வாடிக்கையாளர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அவருடைய மகளே, உறவினர்களே, நாற்காலி காலியாக இருந்தும் பின்சுவரை ஒட்டி நிற்கும் ஒப்பந்தத் தோழர்களே, வணக்கம். உட்காருங்கள் தோழர்களே. இன்றைக்கு யாரும் எழுப்பமாட்டார்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மறைந்த நம் மீட்டர் அண்ணனை விசுவாசமான ஊழியர் என்றார்கள். பத்தொன்பது வருடம் வாய் திறக்காமல் உழைத்தவர் என்றார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி உண்மையில்லை. அவர் வாய் திறந்தார். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இந்தக் கட்டடத்தில் என்ன வேலை நடக்கிறது என்று உறவினர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இணையதளங்களை ஓட்டும் கணினிகளுக்கு சர்வர் என்று பெயர். அவற்றை அவற்றின் சொந்தக்காரர்கள் நம்மிடம் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆளுயர இரும்பு அலமாரிகளில் அடுக்கியிருக்கிறோம். அந்த அலமாரிதான் ரேக். நாம் இடம் கொடுக்கிறோம், குளிர் கொடுக்கிறோம், நிற்காத மின்சாரம் கொடுக்கிறோம். அந்த மின்சாரத்துக்குப் பில் போடுகிறோம். அண்ணன் பத்தொன்பது வருடம் அந்த மின்சாரத்தை அளந்தார். நான் மூன்று வருடமாக அந்தப் பில்லைப் போடுகிறேன்.

மாதம் ஒன்றாம் தேதி, பதினைந்தாம் தேதி, காலை பதினோரு மணி. கையில் கிளாம்ப் மீட்டர். கம்பியை வெட்டாமல் அதை இடுக்கிபோலக் கவ்விப் பிடித்து உள்ளே ஓடும் மின்சாரத்தைச் சொல்லும் கருவி. வரிசைக் கோடியில் இருக்கும் மின்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ரேக்குக்கும் போகும் கம்பியைக் கவ்வி, அளவைப் பார்த்து, ஒரு துண்டு காகித டேப்பில் தேதியோடு எழுதி, அந்த ரேக்கின் கதவில் ஒட்டுவார். அறுபத்து நான்கு ரேக். மொத்தம் நான்கு மணி நேரம். இதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் தானாகவே வருகிறதே, எதற்கு இந்த வேலை என்று கேட்டால், "திரை சொல்றத திரைகிட்டயே சரியான்னு கேக்க முடியுமா?" என்பார்.

அவர் மகான் இல்லை. இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயத்தை அரைமணி நேரம் சொல்வார். வாங்கிய பேனாவைத் திருப்பித் தரமாட்டார். கோபம் வந்தால் வயது பார்க்கமாட்டார். ஒருமுறை பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் எட்டு சர்வர்கள் ஒரு வருடமாக எந்த வேலையும் செய்யாமல் ஓடுவதைக் கண்டுபிடித்து அவருக்கே போன் செய்தார். "சும்மா உக்காந்திருக்கற மிஷினும் சாப்பிடும் சார், பாதி சாப்பாடு சாப்பிடும். அணைச்சிடுங்க." அந்த மாதம் நம் விற்பனைப் பிரிவுக்கு வருமானம் குறைந்தது. அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மின்சாரத்தை வீணாக்காதே என்று சொன்னதற்கு எச்சரிக்கை. வாசலில் பசுமை நிறுவனம் என்று பலகை மாட்டியிருக்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கூட்டத்தில் நான்காவது வரிசையில் ஓர் அக்கா உட்கார்ந்திருக்கிறார். முழு ரேக் எடுக்க வசதியில்லாமல் பாதி எடுத்தவர். அதனால் நமக்கெல்லாம் அவர் அரை ரேக் அக்கா. பன்னிரண்டு சர்வர்களை வைத்து சுமார் முந்நூறு சின்னக் கடைகளின் இணையதளங்களை நடத்துகிறார். தச்சர், சைக்கிள் பழுதுபார்ப்பவர், வீட்டிலிருந்தே துணி தைப்பவர் போன்ற சின்னத் தொழில்காரர்கள்தான் அவரை நம்பி இருக்கிறார்கள். இரண்டு மாத பாக்கி வைத்தார் என்று இந்த மாதம் முப்பதாம் தேதி மாலை அவருடைய மின்சார சுவிட்சை இறக்கப்போவதாக நாம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். இன்றைக்குத் தேதி இருபத்திரண்டு.

அந்த பாக்கி எப்படி வந்தது?

போன வருடம் அவர் பில்லை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் வந்தார். "அண்ணே, என் மிஷினெல்லாம் நெஜமாவே இவ்ளோ குடிக்குதா? மூணு சர்வர அணைச்சிட்டேன். வேலைக்கு இருந்த பொண்ணையும் நிறுத்திட்டேன். இன்னும் எத நிறுத்தறது, என்னயா?"

அண்ணன் கதவில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தார். ஒவ்வொரு ரேக்குக்கும் இரண்டு மின்கம்பிகள் வரும். ஒன்று போனாலும் மற்றது தாங்கும். அக்கா மூன்று சர்வரை அணைத்த பிறகு ஒரு கம்பியில் மூன்று ஆம்பியர், இன்னொரு கம்பியில் மூன்று ஆம்பியர். மொத்தம் ஆறு. நம் பில்லில் பன்னிரண்டு என்று இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். நான் தலையைத் தூக்காமலே சொன்னேன்: "சாஃப்ட்வேர் தப்பு பண்ணாது அண்ணே. உங்க மீட்டருக்குத்தான் வயசாயிடுச்சு."

அவர் சண்டை போடவில்லை. சொந்தக் காசில் மீட்டரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கிவந்து என் மேஜையில் வைத்தார். "மீட்டருக்கு ஒண்ணும் இல்ல தம்பி. டாக்டர் சொல்லிட்டாரு." பார்க்கிறேன் என்றேன். ஐந்து மாதம் பார்க்கவில்லை. அந்த ஐந்து மாதமும் அக்காவுக்கு இரட்டைப் பில் போனது. என் கையால்தான் போனது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனக்கு விடுமுறை நாளில், யாரும் கூப்பிடாமல் வந்தார். மாதத்தில் அந்த ஒரு நாள் நாம் பேட்டரிகளைச் சோதிப்போம். முதல் கம்பியின் மின்சாரத்தை ஒரு மணி நேரம் நிறுத்துவோம். மொத்தச் சுமையும் இரண்டாவது கம்பிக்குப் போகும். பிறகு இரண்டாவதை நிறுத்துவோம். எல்லாம் முதல் கம்பிக்கு வரும். அண்ணன் மீட்டரைக் கவ்வவிட்டு இரண்டு மணி நேரம் நின்றார்.

மறுநாள் மதியம் அவருடைய சாப்பாட்டுப் பையையும் என் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"எந்திரி. கைக்கு ஒண்ணா புடி."

பிடித்தேன்.

"இப்ப ரெண்டையும் இடது கைக்கு மாத்து. எத்தன பை?"

"ரெண்டு."

"இப்ப ரெண்டையும் வலது கைக்கு. எத்தன?"

"ரெண்டுதான். என்ன அண்ணே வெளையாட்டு, பசிக்குது."

"இடது கை அதிகபட்சம் ரெண்டு தூக்கிச்சு. வலது கை அதிகபட்சம் ரெண்டு தூக்கிச்சு. உன் பில்லு ரெண்டையும் கூட்டி நாலு பைங்குது. எங்கிட்ட ரெண்டு பைதான்டா இருக்கு."

எனக்குப் பசி போய்விட்டது. மாதத்தில் ஒவ்வொரு கம்பியிலும் பதிவான உச்ச அளவை எடுத்து இரண்டையும் கூட்டு என்று ஒரு வரி நம் மென்பொருளில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையின் அளவு இரண்டு கம்பியிலும் உச்சமாக உட்கார்ந்திருந்தது. நம்முடைய நாற்பத்தொரு வாடிக்கையாளர்களுக்கும் பதினான்கு மாதமாக ஒன்றுக்கு இரண்டாகப் பில் போயிருக்கிறது.

"இந்த வரிய யாரு எழுதினது?" என்றார்.

நான்தான் எழுதினேன். இதை இந்த மேடையில் முதல்முறையாகச் சொல்கிறேன். பொது மேலாளருக்கும் இப்போதுதான் தெரிகிறது. அண்ணன் எழுதிய அறிக்கையில் "கணக்கு முறையில் பிழை" என்று மட்டும்தான் இருக்கிறது. என் பெயர் இல்லை. ஏன் அண்ணே என்று கேட்டேன். "உன் பேர எழுதினா உன்ன அனுப்பிட்டு, பிரச்சன தீந்துச்சும்பாங்க. பணம் திரும்பி வராது" என்றார்.

பணம் வந்ததா? நிர்வாகம் அந்த வரியைத் திருத்தச் சொன்னது. போன மாதத்திலிருந்து பில் சரியாகப் போகிறது. அந்தப் பதினான்கு மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் பொது மேலாளர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். "யாரும் கேக்கலையேப்பா" என்று பதில் வந்தது. "கேக்கணும்னா மொதல்ல தெரியணும் சார்" என்றார் அண்ணன்.

அடுத்த வாரம் அவருடைய ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. பார்வையாளர்கள் வருகிறார்கள், முன்கதவில் டேப் ஒட்டியிருப்பது அசிங்கமாக இருக்கிறது, உரித்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. உரித்தார். எல்லாவற்றையும் உரித்து, அதே ரேக்குகளின் பின்கதவுக்கு உள்பக்கம் தேதி வரிசையாக ஒட்டிவைத்தார். உத்தரவு முன்கதவைப் பற்றித்தானே.

இந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு மின்கம்பி, பேட்டரி, அதுவும் தீர்ந்தால் ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கே இன்னொரு ஜெனரேட்டர். அந்த அறையில் வியர்க்கிற மனிதனுக்கு என்ன வைத்திருக்கிறோம்? ஒப்பந்த ஊழியர் ஒரு நாள் வரவில்லை என்றால் ஒரு நாள் கூலி இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று போன அண்ணனுக்கு மருத்துவர் பரிசோதனை எழுதிக்கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒன்றாம் தேதி அளவு முடியட்டும் என்றார். பிறகு பதினைந்து முடியட்டும் என்றார். பதின்மூன்றாம் தேதி காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் எழவில்லை. ஐம்பத்திரண்டு வயது. இதை நான் விதி என்று சொல்லத் தயாராக இல்லை.

அவர் இறந்த நான்காம் நாள் அண்ணிக்கு நம் நிறுவனத்தின் பொருள் கிடங்கிலிருந்து ஒரு கடிதம் போயிருக்கிறது. அடையாள அட்டை, ஷூ, கிளாம்ப் மீட்டர் ஆகியவற்றை உடனே ஒப்படைக்கவும் என்று. அண்ணி அட்டையையும் ஷூவையும் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மீட்டரைக் கேட்டதற்குச் சொன்னார்: "அது அவர் வாங்கினது. ரசீது இருக்கு. என் வளையல அடகு வச்சு வாங்கினது. அடகு ரசீதும் இருக்கு. எது வேணும்?"

அந்தக் கடிதத்துக்கு முன்பே பதினைந்தாம் தேதி வந்தது. அளவு எடுக்க ஆள் இல்லை. அன்று காலை அண்ணி வீட்டுக்குப் போய் மீட்டரைக் கேட்டு வாங்கிவந்தேன். மூன்று வருடம் பில் போட்டவன், கம்பியைத் தொட்டதில்லை. மின் பிரிவுத் தோழர்கள் ரேக்கைத் திறந்துவிட்டார்கள். முதல் ரேக்கின் பின்னால் தொங்கிய வயரைப் பிடித்துக் கவ்வினேன். பூஜ்ஜியம். அடுத்தது, பூஜ்ஜியம். பத்து ரேக் பூஜ்ஜியம். ஏசி மெக்கானிக் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, இந்த மாசம் எல்லாருக்கும் இலவசமா?" என்றார். ஒரே வயருக்குள் இருக்கும் போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்ஜியம்தான் காட்டும். தனியாக ஒன்றை மட்டும் கவ்வ வேண்டும். அதற்காகத்தான் அண்ணன் மின்பெட்டிக்குப் போயிருக்கிறார். இதுகூடத் தெரியாதவன்தான் அவருடைய மீட்டருக்கு வயதாகிவிட்டது என்றேன்.

திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். எனக்கு ஏழு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு பின்கதவையும் திறந்து டேப் ஒட்டும்போது மேலே அவருடைய டேப்புகள் இருந்தன. பதினான்கு மாதமும் இருந்தன. அன்றிரவே அவற்றைப் படமெடுத்து, நாற்பத்தொரு வாடிக்கையாளர்களுக்கும் சரியான பில் எவ்வளவு, நாம் வாங்கியது எவ்வளவு என்று போட்டுவிட்டேன். அரை ரேக் அக்கா நமக்கு இரண்டு மாத பாக்கி வைக்கவில்லை. அந்த இரண்டு மாதத்தைக் கழித்த பிறகும், சரியான கணக்கில் நாம்தான் அவருக்குப் பத்து மாதப் பணம் தர வேண்டும்.

பொது மேலாளர் அவர்களே, அந்தக் கணக்கு இந்த உறையில் இருக்கிறது. உங்கள் முன்னால் வைக்கிறேன். இந்த முறை என் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன. என்னை அனுப்புவதென்றால் அனுப்பலாம். இதன் நகல்கள் இன்று காலையே நாற்பத்தொரு பேருக்கும் தபாலில் போய்விட்டன. யாரும் கேட்கவில்லை என்று இனிமேல் சொல்ல முடியாது.

முப்பதாம் தேதி மாலை அக்காவின் சுவிட்சை இறக்க வேண்டும் என்றால் மின் பிரிவிலிருந்து ஓர் ஆள் போய்த்தான் இறக்க வேண்டும். அந்தப் பிரிவில் இப்போது ஆறு பேர். ஆறு பேரும் அதோ பின்சுவரை ஒட்டி நிற்கிறார்கள். உட்காரச் சொன்னேன், இன்னும் உட்காரவில்லை. அந்த சுவிட்சைத் தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் உறையில் இருக்கிறது.

அண்ணனின் படத்துக்கு மாலை போட்டுவிட்டோம். படத்துக்கு நான் வாக்குக் கொடுக்கப்போவதில்லை. இருப்பவர்களுக்குக் கொடுக்கிறேன். ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் காலை பதினோரு மணிக்கு அளவு எடுக்கப்படும். எழுதி ஒட்டப்படும். முன்கதவிலேயே ஒட்டப்படும். வேலையை விட்டு என்னை நிறுத்தினால் அந்த ஆறு பேரில் ஒருவர் எடுப்பார். கம்பியை எப்படிக் கவ்வக் கூடாது என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவேன்.

கடைசியாக அண்ணிக்கு. மீட்டரைக் கொடுக்கும்போது நீங்கள் சொன்னீர்கள்: "குடுத்துட்டேன்னு நெனச்சுக்காத. இரவல்தான். வேல முடிஞ்சதும் கொண்டாந்து குடுக்கணும்." இன்றைக்குத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தேன். மன்னிக்க வேண்டும் அண்ணி. கொண்டுவரவில்லை. வேலை முடியவில்லை.