பழைய குப்பியில் ஒட்டியிருந்தது

சாப்பிடாதவர்கள் இப்போதே சாப்பிட்டுவிடுங்கள். பிறகு இறங்காது, நான் பொறுப்பில்லை.

மாலை ஆறேகால். துறைமுக மதிலோரத்து ரோட்டில் ஒரு ஓட்டோகூட இல்லை... ஷாமிலா மட்டும் ஆய்வுகூடத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். கிண்ணியாக்காரி, என் கூட்டாளி ஸுல்பிகாவின் சாச்சி மகள். பாதரசத்தைக் காபனோடு பிணைத்து ஒரு சேர்மம் செய்வதுதான் அவளுடைய படிப்பு. செய்தும்விட்டாள். ஆனால் அது கற்கண்டைப் போலப் பளிங்கானால்தான் கொழும்புக்கு அனுப்பி, உள்ளே எது எங்கே பிணைந்திருக்கிறதென்று எக்ஸ்ரேயில் பார்க்கலாம். இவளுடையதோ குப்பிக்குள் பழுப்புச் சளியாகவே கிடந்தது. முடிவைக் கொடுக்க அடுத்த புதன்கிழமைதான் கடைசி நாள். தவறினால் மூன்று வருடப் படிப்பும் போச்சு.

பளிங்கு பிடிக்காவிட்டால், பழைய பளிங்கில் ஒரு பொடியைப் போடுவார்களாம்... பாலுக்குத் தயிர் உறை ஊற்றுவதைப் போல. அதே சேர்மத்தை முன்பு செய்தவர் அஞ்சலோ என்றொருவர். அவருடைய குப்பி அலுமாரியில் இருந்தது. அவர் இல்லை. அந்தப் பாதரசமே மனிதரைத் தின்றுவிட்டது.

"அதத் தொடாதீங்க புள்ள," என்றார் ஆய்வுகூடத்தைப் பூட்டித் திறக்கும் ஜவ்பர் காக்கா. "அந்த மனிசன் கடைசியாத் தொட்ட சாமான்."

"வேற வழியில்ல காக்கா. எனக்குப் பளிங்கு வேணும்."

மூடியைத் திறந்தாள். சீ! வெயிலில் கிடந்த சூடை மீன் குடலின் நாற்றம். அதற்குமேல் ஒரு தித்திப்பு வேறு. நாற்றத்தையாவது பொறுக்கலாம், அந்தத் தித்திப்பைத்தான் பொறுக்க முடியாதாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, குப்பிச் சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் பொருக்கைச் சுரண்டித் தன்னுடையதற்குள் போட்டாள். டிக்... டிக்... உள்ளேயிருந்து யாரோ கண்ணாடியைச் சுண்டினார்கள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் சளி தெளிந்திருந்தது. அடியில் மெல்லிய, லேசாக வளைந்த செதில்கள். பளிங்கு! பிள்ளை அழுதேவிட்டாள். இருந்ததில் பெரியதை எடுத்துப் பொதிசெய்து, அன்றைக்கே அனுப்பினாள்.

அவள் கையைவிட்டு நாற்றம் மட்டும் போகவில்லை. பஸ்ஸில் பக்கத்திலிருந்தவள் முக்காட்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனாள். உம்மா குசினிக்குள் விடவில்லை. சோறு பிசைந்தால் சோறும் நாறியது. சவர்க்காரம், தேசிக்காய், சாம்பல்... ம்ஹும்.

திங்கட்கிழமை, கொழும்பில் எக்ஸ்ரே எடுக்கும் கமலாதேவி மிஸ் போனில் பேசினார். குரல் சரியில்லை.

"தங்கச்சி, இது பளிங்கில்லை. நகம். மனிசன்ர நகம். வெள்ளிக்கிழமை நுனியை வெட்டி எடுத்தனான்... இண்டைக்கு அது திரும்ப வளந்து நிக்குது." "பளிங்கு இருந்தா அனுப்புங்கோ. இல்லாட்டி என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

ஷாமிலா குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் நாலு... வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஈரமாக, இளஞ்சிவப்பாகச் சதை பிடிக்கத் தொடங்கியிருந்தது.