சன்னலோரத் தேயிலை

பதுளையிலிருந்து கிளம்பிய ரயிலில், எனக்கு எதிரே சன்னலோர இருக்கையில் ஒரு தேயிலைத்தூள் பை அமர்ந்திருந்தது. பக்கத்தில் அதன் சொந்தக்காரர் இருந்தார். ஹாலிஎலையில் ஒரு பெண் ஏறினார்.

“அண்ணே, பைய எடுங்க, உக்காரணும்.”

“தேயில எந்திரிக்காதும்மா. இந்த ரயில் பாதையே அதுக்காகப் போட்டதுதான். நம்ம பூட்டனுங்க கப்பல விட்டு எறங்கித் தோட்டத்துக்கு நடந்துதான் வந்தாங்க. தேயிலதான் ரயில்ல போச்சு.”

“அதுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?”

“வெள்ளக்காரன் காலத்துலேருந்து யாரும் அதுகிட்ட டிக்கெட் கேட்டதில்ல.”

“எந்தத் தோட்டத்துத் தூளுண்ணே?”

“பூனாகலை.”

“அட, நான் பறிச்ச கொழுந்துல்ல அது! தள்ளுங்க, எம்புள்ளைய நான் மடியில வச்சுக்கிறேன்.”