யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்

முதலில் ஒரு டம்ளர் வெந்நீர் கிடைக்குமா? பத்துப் பதினைந்து இளவட்டங்களோடு மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தால் தொண்டை என்னத்துக்கு ஆகும், சொல்லுங்கள். நன்றி. இந்தச் சூடு போதும்.

நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை, சார். நானாக வந்தேன், நானாகவே சொல்கிறேன். எங்கள் அரங்கில் நடந்ததை ‘விபத்து’ என்று எழுதிக் கோப்பை மூடப் போகிறீர்கள் என்று உங்கள் ஸ்டேஷன் ஆள் ஒருவர் சொன்னார். அந்தச் சொல்லுக்கும் எனக்கும் ஆகாது. அதை மட்டும் எழுதாதீர்கள். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் நாடகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நூலகத்துக்குப் பின்னால், முன்பு தையல் இயந்திரம் விற்ற கடைதான் எங்கள் கூடம். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு சொந்தக் கதை சொல்வார்கள். நடந்த கதைதான் சொல்ல வேண்டும். சரடு விட்டால் மற்றவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுப்போம். கதைக்குச் சொந்தக்காரர் யார் என்று வெளியே சொல்வதில்லை. வேறொரு பிள்ளை அதைத் தன் கதையாக எடுத்துக்கொண்டு நடிக்கும்.

மேடையில் அதை இரண்டு முறை போடுவோம். முதல் முறை, நடந்தது நடந்தபடி. இரண்டாம் முறை, பார்க்க வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறலாம். நடிக்கிற பிள்ளையை ஓரம்கட்டிவிட்டு, அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டுமோ அதைச் செய்து காட்டலாம். ஒருமுறை ஒரு சமையல்காரம்மா ஏறி, குடிகாரப் புருஷனாக நடித்த பையனுக்கு நிஜமாகவே ஒன்று வைத்துவிட்டார். பையன் இன்னமும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். நிறுத்துகிற உரிமை எல்லோருக்கும் உண்டு. ‘போதும்’ என்று சொல்லி அந்தக் காட்சியை முடித்துவைக்கிற வேலை மட்டும் என்னுடையது. நான் சொல்லும்வரை பிள்ளைகள் விடக் கூடாது. கூரையே இடிந்து விழுந்தாலும் விடக் கூடாது என்றுதான் பழக்கியிருக்கிறேன்.

என் தம்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் அட்டைப்பெட்டிக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். சரக்கு களவு போகிறது என்று சூப்பர்வைசர் பின்கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவார். ஒருநாள் தீப் பிடித்தது. உள்ளே மாட்டி மூன்று பேர் செத்துப்போனார்கள். அதில் என் தம்பி ஒருவன். சூப்பர்வைசர் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தார். பயந்து ஓடிவிட்டார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. விசாரணையில் போய் நின்று, “பின்கதவு தொறந்துதான் இருந்துது சார். அந்தப் பையன்தான் உள்ள சிகரெட் பிடிச்சான். நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்” என்றார்.

என் தம்பிக்கு மூச்சிரைப்பு. பக்கத்து வீட்டு அடுப்புப் புகைக்கே எழுந்து ஓடுகிறவன். ஆனால் செத்தவன் வந்து சாட்சி சொல்ல முடியுமா? கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று எழுதி முடித்தார்கள். மற்ற இரண்டு பேரின் தாய்மாரும் எங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், பெற்ற வயிறு அல்லவா. அம்மா அன்றைக்குக் கதவைச் சாத்தியவள்தான். தெருவில் இறங்கவே இல்லை. அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

கதவு பூட்டியிருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? மேல் ஜன்னல் வழியாகத் தப்பி வந்த ஒரு லோடுமேன் என்னிடம் சொன்னார். தம்பி கடைசிவரை கதவைத் தட்டி, “அண்ணே, கதவத் தொறங்கண்ணே” என்று கூப்பிட்டானாம். சூப்பர்வைசரை அவன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். “இத என்னை வெளிய சொல்லச் சொல்லாதம்மா, நான் பிள்ளகுட்டிக்காரன்” என்று அந்த லோடுமேன் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வற்புறுத்தவில்லை. காத்திருக்க எனக்குத் தெரியும்.

பல வருஷம் கழித்து எங்கள் குழுவுக்கு ஒரு பையன் வந்தான். நெட்டையாக, ஒல்லியாக இருந்ததால் முதல் நாளே ‘ஒட்டடை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டான். வட்டத்தில் அவன் முறை வந்தது.

“எங்கப்பா வீட்ல ஒரு கதவையும் தாப்பா போட விடமாட்டாரு. ரெண்டு தடவை திருடன் வந்து டீ மட்டும்தான் குடிக்கல, மத்ததெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டான். அப்பவும் கேக்கல. நான் குளிக்கும்போது பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கணும். நிறுத்தினா தங்கச்சி உள்ள வந்துடுவா.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, “உங்கப்பா எங்க வேலை பாக்கறாரு?” என்று கேட்டேன்.

“முன்ன அட்டைப்பெட்டிக் கிடங்குல சூப்பர்வைசரா இருந்தாருக்கா. அங்க தீப்பிடிச்சதுக்கு அப்புறம் விட்டுட்டாரு. இப்ப நெஞ்சுல அடைப்பு. எப்பவும் சட்டைப்பைல மாத்திரை வச்சிருப்பாரு. நாக்குக்கு அடில வைக்கணும்.”

மனசு இளகியவர்கள் இந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். தாழ்ப்பாளைக் கண்டே நடுங்குகிற மனுஷன், பாவம், அனுபவித்துக்கொண்டுதானே இருக்கிறார் என்பார்கள். உங்கள் முகமும் அதைத்தான் சொல்கிறது. எனக்கு அப்படிப் படவில்லை. கதவைத் திறந்து வைத்தால் அவருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. என் அம்மாவுக்கு எதைத் திறந்து வைத்தும் வரவில்லை. அன்று சாயங்காலம் பையனைக் கூட்டிப்போக அவர் ஸ்கூட்டரில் வந்து நின்றார். என்னைப் பார்த்து, “பையன் ஒழுங்கா இருக்கானாம்மா?” என்று கேட்டார். அடையாளம் தெரியவில்லை. விசாரணையில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வருஷ நாடகத்துக்கு என் தம்பியின் கதையை எடுத்தேன். கிடங்கைத் துணிக்கிடங்கு ஆக்கினேன். சொந்தக்காரர் யாரென்று சொல்வதில்லை அல்லவா, யாரும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் வேஷத்தை ஒட்டடைக்குக் கொடுத்தேன்.

அவன் நல்ல நடிகன். அவனை எனக்கு உண்மையிலேயே பிடிக்கும், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். “அக்கா, இந்த ஆளு கெட்டவனா?” என்று கேட்டான். “நல்லவன்னு நினைச்சு நடி. உனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட நடை, பழக்கம் எல்லாத்தையும் கவனிச்சு எடுத்துட்டு வா” என்றேன். வேறு யாரை எடுத்துவருவான்? தகப்பனைத்தான் எடுத்துவந்தான். தோளைச் சற்றே சாய்த்து நடப்பது, பேசும்போது கட்டைவிரலால் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பது, எல்லாம் அச்சு அசல். மற்றவர்கள், “டேய், இது உங்கப்பாடா” என்று கும்மாளம் போட்டார்கள்.

பையனுக்கு ஒரே பூரிப்பு. “அப்பாவ முன்வரிசைல உக்கார வைங்கக்கா. கதை என்னன்னு நான் சொல்லவே இல்ல. தன்ன மாதிரியே நடிக்கறேன்னு பாத்ததும் மனுஷன் சிரிச்சுடுவாரு. அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல” என்றான். முன்வரிசையில் நடுவில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தங்கைக்கும் மூன்று நாற்காலி போட்டு வைத்தேன்.

மேடையில் ஒரு கதவு உண்டு. பிள்ளைகளில் ஒருத்தியின் மாமா தச்சர். அவர் நிலையோடு செய்து கொடுத்த கனமான கதவு. அதில் ஒரு பூட்டுத் தொங்கும். ஒத்திகையில் அந்தப் பூட்டைப் பலமுறை திறந்திருக்கிறோம், ஏனென்றால் ஏறி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். அன்று மத்தியானம் அதே மாதிரிப் பூட்டு இன்னொன்று வாங்கி மாட்டினேன். பழைய பூட்டின் சாவிதான் ஒட்டடையின் சட்டைப்பையில் இருந்தது. புதுப் பூட்டின் சாவி என்னிடம் இருந்தது.

கூடம் நிறைந்திருந்தது. முதல் முறை ஓடியபோது சூப்பர்வைசர் அசையாமல் பார்த்தார். மகன் சட்டைப்பையைத் தடவியபோது அம்மாவும் தங்கையும் அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் பையன் சபையைப் பார்த்து, “பின்கதவு தொறந்துதான் இருந்துது சார்” என்றான். விசாரணையில் அவர் சொன்ன அதே வார்த்தைகள். அவர் மனைவியின் கையை எடுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

இரண்டாம் முறை தொடங்கியது. கதவுக்குப் பின்னால் நாலைந்து பேர் தட்டினார்கள். அவர்களில் ‘ரேடியோ’ என்று ஒரு பெண் உண்டு, வாயை மூடவே மாட்டாள். நான் சொல்லிக்கொடுத்தபடி அவள் கூப்பிட்டாள். “அண்ணே, கதவத் தொறங்கண்ணே.”

“நிறுத்துங்க” என்று அவர் எழுந்துவிட்டார்.

நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் மேடையேறினார். மகனைத் தோளில் பிடித்து, “நீ தள்ளுப்பா” என்று நகர்த்தினார். அவன் கையிலிருந்து சாவியை வாங்கினார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, “கதவு பூட்டித்தான் இருந்துது. நான்தான் பூட்டினேன். அந்தப் பையன் சிகரெட் பிடிக்கல. நான் பொய் சொன்னேன்” என்றார்.

கைதட்டல் பிரமாதமாக எழுந்தது. எவ்வளவு இயல்பாக நடிக்கிறார் என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

ஆமாம் சார், அந்த நேரத்தில் ‘போதும்’ என்று சொல்லியிருக்கலாம். இது நாடகம் இல்லை, உண்மை, இவர் என் தம்பியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஊர் முழுக்கச் சாட்சியாக இருந்திருக்கும். தம்பியின் பெயர் துலங்கியிருக்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஒப்புக்கொண்டுவிட்டால் கதவு திறந்துவிடுமா? அவர் இன்னும் சாவியைப் போட்டுப் பார்க்கவில்லை.

போட்டார். திரும்பவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டார். உள்ளே தட்டல் கூடியது. பிள்ளைகள் உயிரைக் கொடுத்துத் தட்டினார்கள். “அண்ணே, அண்ணே” என்று ரேடியோ தொண்டை கிழியக் கத்தினாள். அவர் தோளால் முட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் அவர் யாரைக் கண்டார் என்று எனக்குத் தெரியாது. நானும் தம்பியும் ஒரே ஜாடை என்று அம்மா சொல்வாள்.

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. சபைக்கு அது நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்பது போல் இருந்திருக்கும். எனக்கு மாத்திரை என்று தெரியும். விரல்கள் பையின் விளிம்பிலேயே நின்றுவிட்டன. முட்டி மடங்கிக் கதவோடு சரிந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு நர்ஸ் இருந்தார், பிள்ளைகளில் ஒருத்தனின் சித்தி. அவர் பாதி எழுந்துவிட்டார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினேன். உட்கார்ந்தார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கூடத்தில் நான் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

நான் ‘போதும்’ என்று சொல்லவில்லை. அதனால் பிள்ளைகளும் நிறுத்தவில்லை. கடைசியில் அந்தச் சின்னப் பெண்தான் நாற்காலி மேல் ஏறி நின்று, “அப்பாவுக்கு மாத்திர குடுங்க” என்று அழுதது. சிலர் அப்போதும் சிரித்தார்கள். ஒட்டடை பாய்ந்து போய் அப்பாவின் சட்டைப்பையில் கையை விட்டான். அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

ஆகவே இது விபத்து இல்லை. பூட்டை மாற்றியது நான். எழுந்த நர்ஸை உட்கார வைத்தது நான். மனசாரச் செய்தேன். சிகரெட் கதைபோல இதையும் ஒரு பொய்யில் கொண்டுபோய் முடித்தால் என் தம்பிக்கு அடுக்குமா?

பையன் சாப்பிடுவதில்லை, தானே சாவியை மாற்றி எடுத்துப்போய்விட்டதாகப் பிதற்றுகிறான் என்கிறீர்கள். கேள்விப்பட்டேன். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். “அக்கா, சாவி ஏன்க்கா திரும்பல? நான் வேற சாவிய எடுத்துட்டு வந்துட்டேனாக்கா?” என்று கேட்டான். சரியான சாவி அப்போது என் கைப்பையில் இருந்தது. கொஞ்சம் யோசித்தேன். “இன்னும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்ப்பா” என்றேன்.

அவன் அப்பனைப் போல நான் ஊரைக் கூட்டி யார் மேலும் பழி போடவில்லை, சார். தலையைத் தடவி, பக்கத்தில் உட்கார வைத்து, அன்பாகத்தான் சொன்னேன்.