பச்சை குத்தாத பாதி

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது, சார். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் வெள்ளத்தில் காணாமல் போனவர்களின் பட்டியல் என் பொறுப்பில்தான் இருந்தது. முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ யாரையாவது கணினியில் பதிந்தால், ஐந்து நிமிடத்துக்குள் பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அடையாளம் பொருந்தினால் அந்தப் பெயர் விலகிவிடும். அந்த ஏற்பாட்டைச் செய்தவனும் நான்தான். அதில் பதினேழாவது பெயர் செந்தாமரை, என் மனைவி. எங்கள் வயலில் நடவுக்கு இறங்கியிருந்தவள், ஆற்றங்கரை உடைந்த பிறகு வீடு திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பதிவு வந்தது. பெண் உடல், வயது முப்பது இருக்கலாம், காலில் சேற்றுப்புண், இடது கையில் 'பஞ்ச' என்று பச்சை. என் பெயர் பஞ்சநதம். கல்யாணமான வருடம் திருவாரூர் தேருக்குப் போனபோது பச்சை குத்திக்கொள்ள உட்கார்ந்தவள், "வலிக்குதுங்க, மீதிய அடுத்த தேருக்குப் பாத்துக்கலாம்" என்று பாதியில் எழுந்துவிட்டாள். அன்று நான் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. காணாமல் போன பதிவில் அந்த அடையாளத்தை எழுதியதும் நானே.

இன்னும் ஐந்து நிமிடத்தில் அவள் பெயர் போய்விடும். பதிவை அழிப்பது குற்றம், சார். பதினோரு வருட சர்வீஸில் ஒன்றைக்கூட அழித்ததில்லை. புதுப்பிப்பதை மட்டும் நிறுத்தினேன். பதிவுகள் வந்துகொண்டுதான் இருந்தன, பட்டியல்தான் அசையவில்லை.

காத்தாயி என்ற பெண் தினமும் என் ஜன்னலுக்கு வந்தாள். அவள் மகள் பூவரசிக்கு ஏழு வயது.

"தம்பி, எம் பொண்ணப் பத்தி ஏதாச்சும் வந்துச்சா?"

"லிஸ்ட்ல அப்படியேதான் இருக்குக்கா."

அதில் பொய் இல்லை.

பூவரசி புதன்கிழமையே அடுத்த ஊர் முகாமில் தன் பெயரும் அம்மா பெயரும் சொல்லிப் பதிவாகியிருந்தாள். நான் பார்த்தேன். காத்தாயியிடம் வாயால் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் பட்டியலில் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், சரிசெய்துவிடுவார்கள். என்னால் அதைத் தாங்க முடியாது, சார்.

வெள்ளிக்கிழமை மதியம், "அம்மா வரல, நானே போறேன்" என்று பக்கத்துப் பாயில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிய பிள்ளையை, உடைந்த பாலத்துக்குக் கீழே எடுத்தார்கள்.

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பட்டியலை மறுபடி ஓடவிடுவதற்கு முன் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பதிவை மட்டும் இன்னொரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். 'பஞ்ச' என்றுதானே இருக்கிறது? பஞ்சவர்ணம் என்று யாராவது இருப்பார்கள், சார்.