ஏ பக்கத்தின் கடைசி நாற்பது வினாடி

டேப் ரிக்கார்டரின் தலையை வாரம் ஒருமுறை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். கோவில்பட்டியில் இதைத் தவறாமல் செய்கிற ஒரே கல்லூரி மாணவன் நான்தான். சாமித்துரையைப் பற்றி எழுத வந்து நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் குணம் தெரியட்டும் என்று சொன்னேன்.

என் சேக்காளி சாமித்துரை துபாய்க்கு வேலைக்குப் போனது எண்பத்து மூன்றில். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி என் விலாசத்துக்கு அனுப்புவான். ஏ பக்கம் அவன் அம்மா சுடலையம்மாளுக்கு. அவர் வீட்டில் டேப் செட் கிடையாது, என் வீட்டுக்கு வந்துதான் கேட்பார். பி பக்கம் எனக்கு. அங்கே ரேடியோவிலிருந்து பதிந்த வெள்ளைக்காரப் பாட்டு, எல்லாம் மெஷின் வாத்தியம். ரைஸ்மில் மோட்டாருக்குக் காதல் தோல்வி வந்த மாதிரி இருக்கும். பாடுகிறவன் மின்தடை அறிவிப்பு வாசிப்பதுபோலப் பாடுவான். அத்தனை குளிர்ச்சி. ஆனால் கரிசல் வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால், நானும் சாமித்துரையும் ஒரே சைக்கிளில் கடம்பூர் போன நாட்கள் வந்து பக்கத்தில் உட்காரும். அந்தக் கதகதப்பு எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

எப்போதும் நான்தான் முதலில் கேட்பேன். ஐந்தாவது கேசட்டில், ஏ பக்கக் கடைசியில், அவன் குரல் இறங்கியது.

"எம்மா, நெஞ்சு வலிக்கு. முதலாளி பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டு விடமாட்டேங்கான். ஒனக்கு சீரியஸ்னு ஒரு பொய்த் தந்தி அடிக்கச் சொல்லு. அப்பதான் விடுவான்."

தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குத் தினமும் நடந்து போய்வருகிற பெண்மணியைச் சீரியஸ் என்று எழுதுவது எனக்கு முறையாகப் படவில்லை. அவன் வந்துவிட்டால் பி பக்கமும் வராது. அது இரண்டாவது காரணம்தான். விடுதியில் ஒரு செட்டை இரவல் வாங்கி எதிரே வைத்து, நாலாவது கேசட்டின் பாட்டை ஓடவிட்டு, அந்த நாற்பது வினாடியின்மேல் பதிந்தேன்.

மூன்று மாதத்தில் தந்தி வந்தது. அங்கிருந்து, அவன் சாவைச் சொல்லி.

சுடலையம்மாள் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், முந்தானையில் எனக்குக் கடலைமிட்டாய் முடிந்துகொண்டு. ஐந்தாவதைத்தான் போடச் சொல்வார். பேச்சு அறுந்து பாட்டு தொடங்கியதும் நான் நிறுத்தப் போவேன். என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"ஓடட்டும்யா. இங்கன வரும்போதுதான் எம்புள்ள என்னயக் கூப்புடுத மாதிரி இருக்கு."

அந்த நாற்பது வினாடியும் ஓடவிடுவேன்.

அழித்துவிட்டேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். அவன் சொன்னது ஒரு சொல் பிசகாமல் எனக்கு மனப்பாடம். என்னிடம் பத்திரமாகத்தான் இருக்கிறது.