புள்ளி குறைந்த நாடு

கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் நடுவயதுக்காரர் இருவர். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று, “நம்மட நாடு பெயிலாம் மச்சான், அதால என்ட வயலும் போச்சு” என்றார். எதற்கும் பதறுகிற எனக்கு அதன் பிறகு வேறெங்கும் காது போகவில்லை.

“என்ன பாடத்துல பெயில்?” என்று மற்றவர் சிரித்தார்.

“கடனக் கட்டேலாத நாடெண்டு வெளிநாட்டுல புள்ளி போட்டிரிக்காங்க. அந்தப் புள்ளியப் பார்த்துத்தானாம் காசுக்காரனுகள் காசு போடுற. நம்மட பக்கம் வரவிருந்த தையல் பெக்டரிய இப்ப வேற நாட்டுல கட்டுறாங்க.”

“திரும்பத் திருத்தச் சொல்லிக் கேக்கேலாதா? என்ட மகள்ட ஓ.எல். சோதனைப் பேப்பர அப்பிடித்தான் திருத்தின.”

“பகிடி விடாத. அந்தப் பெக்டரிக்காரனுகள நம்பித்தான் வயலக் கிறவல் மண் போட்டு நிரப்பின.”

“கிறவல அள்ளி எறிஞ்சிட்டு விதையன்.”

“அள்ளிப் பார்த்த. வாய்க்காலும் சேர்ந்து மூடிட்டு, தண்ணி ஏறுதில்ல.”

மற்றவர் சிரிப்பை நிறுத்தினார். “இப்ப எங்க போறாய்?”

“பக்கத்து வயல்காரனப் பார்க்க. அவன்ட வேளாண்மைக்குக் காவலுக்கு ஆள் வேணுமாம். என்ட கிறவலுக்கு மேல காவல் வாடி கட்டினா, அவன்ட வயல் முழுக்கத் தெரியுமாம்.”