சனிக்கிழமையின் மலாய்ப் பெயர்

சனிக்கிழமை காலை, பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பிறை ஊர் ஃபேக்டரிச் சீருடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மலாய்ல சனிக்கிழமைய 'சப்து'ன்னு சொல்றோமே, அது யூதருங்க ஓய்வுநாள் பேராம்க்கா. சர்ச்சுல பாஸ்டர் சொன்னாரு," என்றாள் இளையவள்.

"ஓய்வா? இன்னிக்கா?"

"அவங்களுக்குப் புனித நாள்லா. வெள்ளிக்கிழமை சாயங்காலமே விளக்கேத்தி, எல்லா வேலையும் நிறுத்திடுவாங்களாம். வேலைக்காரிக்கும் ஓய்வு, மாட்டுக்கும் ஓய்வுன்னு வேதத்துலயே இருக்காம்."

மூத்தவள் கழுத்தில் தொங்கிய ஃபேக்டரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னிக்கு எங்கம்மாவுக்குக் கருமாதி. லீவு கேட்டேன். ஓவர்டைம், வந்தே ஆவணும்னுட்டான் சூப்பர்வைசர். நான் அந்த யூதருங்க வீட்டுல மாடாப் பொறந்திருக்கலாம்லா."